கையாலயா அழிக்கிறீங்க?

எல்லா ஆபீசிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நியமன ஆணையில் உதவிக் கணக்காளர் என்றோ ஸ்டோர் இன்சார்ஜ் என்றோ போட்டிருக்கும். கம்ப்யூட்டர் பிரிவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பளத்தில் அதற்கென்று ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் யாருடைய எக்செல் மக்கர் பண்ணினாலும் "மேக்ரோ சாரைக் கூப்பிடுங்க" என்றுதான் குரல் எழும். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அது புழங்குவதில்லை.

நான் சொல்லப்போகும் மேக்ரோ சார், கோயம்புத்தூரில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர். ஐம்பதை நெருங்குகிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டாலும் அவர் எழுதிப் பார்த்தவர் எவருமில்லை. மவுஸைத் தொடுவது கௌரவக் குறைவு என்பது அவர் கொள்கை. அவர் ஆல்ட்டையும் எஃப் 11ஐயும் சேர்த்து அமுக்குகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு யாருடைய ஷீட்டுக்கோ நேரம் சரியில்லை என்று செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

கூட்டுவது, வகுப்பது, கலர் கலராகச் சார்ட் போடுவது, இதிலெல்லாம் அவருக்கு நாட்டமில்லை. அவருடைய பிறவிப் பயன், மேக்ரோ என்கிற குட்டி நிரல் எழுதி வேண்டாத வரிகளை நீக்குவது. இதற்கு ஆபீசில் பஞ்சமும் இல்லை. விற்பனை ரிப்போர்ட்டை எக்செலுக்கு எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வரும், நடுநடுவே 'டோட்டல்' வரும், 'கேன்சல்டு' பில் வரும், எதற்கென்றே தெரியாமல் கோடு கோடாக ஒரு வரி வரும். அத்தனையும் போனால்தான் பிவட் போட முடியும்.

பக்கத்து சீட்டில் ஒரு மேடம் இருக்கிறார். அவர் ஃபில்டர் போடுவார், 'டோட்டல்' என்று தேடுவார், வந்ததையெல்லாம் செலக்ட் செய்து நீக்குவார், ஃபில்டரை எடுப்பார். அரை நிமிடம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மேக்ரோ சார் டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"என்னங்க மேடம், கையாலயா அழிக்கிறீங்க?"

அந்தக் 'கையாலயா'வில் அதிர்ச்சி இருக்கும், அனுதாபம் இருக்கும், லேசாக ஒரு கண்டனமும் இருக்கும்.

"நாலு வரிதானுங்க சார்."

"இந்த மாசம் நாலு. அடுத்த மாசம் நானூறு வந்தா என்னங்க பண்ணுவீங்க? எந்திரிங்க, ஒரு சின்ன மேக்ரோ போட்டுடலாம். அஞ்சே நிமிசம்."

மேடம் எழுந்துவிடுவார். எழாமல் இருந்தால் பேச்சு நீளும் என்பது அனுபவம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவர் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி, கேன்டீன் பாக்கியைக் கட்டிவிட்டு வரலாம். வந்தாலும் சீட் காலியாகியிருக்காது. சாயங்காலத்துக்குள் 'சின்ன மேக்ரோ' வளர்ந்து, எந்த வார்த்தையை நீக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு பெட்டியும், முடிந்ததும் 'நன்றி' சொல்லும் இன்னொரு பெட்டியும் வாய்த்து, ஷீட்டில் பச்சை நிறத்தில் ஒரு பட்டனாக நிலைபெற்றிருக்கும். அடுத்த மாதம் தலைமை அலுவலகம் ரிப்போர்ட்டில் ஒரு காலத்தை, அதாவது நெடுவரிசையை, புதிதாகச் சேர்க்கும். பட்டன் வேறு காலத்தைப் பார்த்து வேறு வரிகளை நீக்கும். மேடம் சத்தமில்லாமல் ஃபில்டர் போட்டு வேலையை முடித்துக்கொள்வார்.

ஆனால் அவருடைய வித்தையைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. வரிகளைக் கீழிருந்து மேலாகத்தான் நீக்க வேண்டும் என்பது புதிதாக வருகிற எவருக்கும் தெரியாது. மேலிருந்து ஆரம்பித்து மாட்டிக்கொள்வார்கள். மேக்ரோ சார் இதற்கு ரேஷன் கடை வரிசையை உதாரணம் காட்டுவார். வரிசையில் மூன்றாவது ஆளை வெளியே அனுப்பினால் நான்காவது ஆள் ஒரு அடி முன்னால் வந்து மூன்றாம் இடத்தில் நின்றுகொள்கிறார். நீங்களோ மூன்றை முடித்தாயிற்று என்று நான்காம் இடத்தைப் பார்க்கப் போகிறீர்கள். அங்கே நிற்பவர் முன்பு ஐந்தாவதாக இருந்தவர். நான்காவது ஆள் சோதனையே இல்லாமல் தப்பிவிட்டார். வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்தால் நகர்வதெல்லாம் நீங்கள் பார்த்து முடித்த ஆட்கள்தான், கவலையில்லை. இதை அவர் சொல்லும்போது கேட்கிற பையன்களுக்கு உண்மையிலேயே கண் திறக்கும். 'ஸ்டெப் மைனஸ் ஒன்' என்று முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி உபதேசம் மாதிரி சொல்வார்.

எல்லா வரிகளையும் முதலில் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே அடியாக நீக்கினால் இன்னும் வேகம். மேக்ரோவுக்குள்ளிருந்தே ஃபில்டர் போட்டும் நீக்கலாம். அவருக்கு இரண்டும் தெரியும். "ஃபில்டர்னா மேடமே பண்ணிருவாங்களே" என்று ஒதுக்கிவிடுகிறார். ஓடும்போது திரையை உறைய வைக்கிற வரியும் அவருக்குத் தெரியும். அதைப் போட்டால் வேலை பல மடங்கு வேகமாக முடியும். ஒருமுறை போட்டார். மேனேஜர் பட்டனை அமுக்கினார், ஒன்றும் அசையவில்லை, அதற்குள் முடிந்தும்விட்டது. "ஓடுச்சா ஓடலையா?" என்று சந்தேகப்பட்டார். அன்றோடு அந்த வரியை எடுத்துவிட்டார் மேக்ரோ சார். வரிகள் கண்ணெதிரே மளமளவென்று மறைந்தால்தான் மேனேஜருக்கு வேலை நடக்கிற திருப்தி.

அவர் எழுதிய நிரலைத் திறந்து பார்க்கும் பாக்கியம் ஒருமுறை எனக்குக் கிடைத்தது. முதல் வரியில் ஒரு கேள்விக்குறி. என்ன சந்தேகம் என்று கேட்டேன். சந்தேகமில்லை, பிள்ளையார் சுழி. மேக்ரோ எழுதுகிற விபிஏ எடிட்டருக்குத் தமிழ் எழுத்து ஏறாது. 'உ' போட்டால் கேள்விக்குறியாக மாற்றிவிடும். போட்டது சாமிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். அதே காரணத்தால் 'மொத்தம்' என்று தமிழில் இருக்கிற வரிகளை நீக்க, ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக எழுதினார்: 2990, 3018, 2980, 3021 என்று. வார்த்தையை ஷீட்டில் ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, நிரலை அங்கிருந்து படிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. அது எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதுதான் அதிலுள்ள குறை.

பிள்ளையார் சுழிக்கு அடுத்து 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. எந்தத் தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று பொருள். அதன் பிறகு டெம்ப், டெம்ப் 1, டெம்ப் ஃபைனல், டெம்ப் ஃபைனல் நியூ என்று ஒரு குடும்பமே வரிசையாக நிற்கும். வரிகளை எண்ணுவதற்கு அவர் தொடக்க காலத்தில், 'ரெஸ்யூம் நெக்ஸ்ட்' போடுவதற்கு முன்பு, 'இன்டீஜர்' வைத்திருந்தார். அது 32,767 வரைதான் எண்ணும். வருடக்கணக்காக ஓடிய மேக்ரோ ஒரு மார்ச் மாதம் 'ஓவர்ஃப்ளோ' என்று படுத்துவிட்டது. கம்பெனி வளர்ந்துவிட்டது என்ற செய்தி முதலாளிக்கு முன்பே கணக்குப் பிரிவுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இனி சேலம் விவகாரத்துக்கு வருவோம்.

வசூல் மட்டும் வேண்டும், விற்பனை வரிகள் வேண்டாம் என்றார் மேனேஜர். விற்பனை வரிகளில் 'சேல்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் அந்த வரி போக வேண்டும் என்று எழுதினார் மேக்ரோ சார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசமும் பார்க்காதே என்று கூடுதலாக ஒரு கட்டளை. பட்டனை அமுக்கினார்கள். விற்பனை வரிகள் போயின. கூடவே சேலம் மாவட்டமும் போனது. ஆங்கிலத்தில் சேலம் என்று எழுதினால் முதல் நான்கு எழுத்தும் 'சேல்'தான்.

இரண்டு நாள் கழித்து சேலம் பிரதிநிதி போன் செய்தார். "ஏனுங்க சார், நான் ஒரு மாசமா வீட்லயே படுத்துட்டு இருந்த மாதிரி ரிப்போர்ட் போயிருக்குது?"

"நான் என்னங்க பண்றது? உங்க ஊருக்குள்ள சேல் இருக்குது."

சேலத்துக்கு மட்டும் விதிவிலக்கு எழுதினார். அடுத்த மாதம் பாக்கி இல்லாத பார்ட்டிகளை நீக்கச் சொன்னார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே 'நில்' என்று போட்டிருக்கும். இம்முறை நீலகிரி மாவட்டம் மறைந்தது, ஆங்கிலத்தில் நில்கிரிஸ். அனில் டிரேடர்ஸ், சுனில் ஏஜென்சி, வெண்ணிலா ஸ்டோர்ஸ் என்றெல்லாம் யாராவது இருந்திருந்தால் அவர்களும் அதே வழிதான் போயிருப்பார்கள். மேக்ரோ சார் நீலகிரிக்கும் ஒரு விதிவிலக்கு எழுதினார். இப்போது அந்த நிரலில் பாதி, தமிழ்நாட்டு வரைபடம்.

"அந்த ஒரு காலத்துல மட்டும், முழுசா அதே வார்த்தை இருக்குதான்னு பாக்கச் சொல்லக் கூடாதுங்களா?" என்று மேடம் ஒருநாள் கேட்டார். கேள்வி மிகச் சரி. வரியை நீக்குவது யாருக்கும் கஷ்டமில்லை. எதை நீக்க வேண்டும் என்று பிசிறில்லாமல் சொல்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது. மேக்ரோ சார் சற்று யோசித்துவிட்டு, "பண்ணலாம். ஆனா அது ரொம்ப சிம்பிளா போயிருமுங்க" என்றார்.

ரிப்போர்ட்டில் ஆட்கள் காணாமல் போவது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல என்பதற்கு அவரிடம் ஒரு பிரிட்டன் கதை உண்டு. 2020 செப்டம்பர் கடைசியில் அங்கே கொரோனா தொற்றாளர் பட்டியலில் 15,841 பேர் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்செல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் கொள்ளும். மிச்சம் வெளியே விழுந்துவிட்டது. 2007 முதல் வந்த எக்செலில் 10,48,576 வரி கொள்ளும். "அங்க ஒரு நல்ல மேக்ரோ ஆள் இருந்திருந்தா இது நடக்குமுங்களா?" என்பார். சேலத்தை நினைத்துக்கொண்டு யாரும் பதில் சொல்வதில்லை.

அவருக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் ஐ.டி. பிரிவுக்காரர். மேக்ரோ என்றாலே அவருக்கு வைரஸ் பயம். 1999இல் மெலிசா வைரஸ் பரவியது வேர்ட் மேக்ரோ வழியாகத்தான். 2022 முதல் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. தம்முடைய பச்சை பட்டனையும் மெலிசாவையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்களே என்பது மேக்ரோ சாரின் மனக்குறை. சேதக் கணக்கைப் பார்த்தால் ஐ.டி.காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு எதிரி புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன். "சார், பவர் க்வெரில 'டஸ் நாட் கன்டெய்ன்' போட்டா முடிஞ்சுது. ஒரிஜினல் அப்படியே இருக்கும். அடுத்த மாசம் ரெஃப்ரெஷ் குடுத்தா போதும்." 2016 முதல் எக்செலுக்குள்ளேயே இருக்கிற வசதி அது. மேக்ரோ சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அது சரி தம்பி. அது எப்படி வேலை செய்யுதுன்னு உனக்குத் தெரியுமா?" பையனுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியில் அன்றைய போரில் அவர் ஜெயித்தார். 1993இல் எக்செல் 5 வந்தபோது பிறந்த விபிஏ இன்னும் உயிரோடு இருப்பதற்கு மைக்ரோசாஃப்ட் மட்டுமல்ல, இவரைப் போன்றவர்களின் பிடிவாதமும் காரணம்.

கடைசியாக நடந்தது இந்த ஏப்ரலில். பச்சை பட்டனை மேனேஜரே அமுக்கினார். எந்த வார்த்தையை நீக்க வேண்டும் என்று பெட்டி கேட்டது. அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று 'கேன்சல்' கொடுத்தார். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் கேன்சல் கொடுத்தால் அந்தப் பெட்டி வெறுமையைத் திருப்பித் தரும். வெறுமை எந்த எழுத்துக் கோவைக்குள்ளும் இருக்கிறது என்பது விபிஏயின் சித்தாந்தம். எனவே எழுத்து இருந்த அத்தனை வரியும் கீழிருந்து மேலாக, ஒழுங்காக, ஒன்றுகூட விடுபடாமல் நீங்கின. காலி வரிகள் மட்டும் தப்பின. முடிந்ததும் 'நன்றி' என்றது இன்னொரு பெட்டி.

மேனேஜர் கன்ட்ரோல் இசட்டை அமுக்கினார். மேக்ரோ செய்ததை அது திருப்பாது. சேவ் பண்ணாமல் மூடிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மேக்ரோ சார் எச்சிலை விழுங்கினார். யாரும் மறந்துவிடக் கூடாதே என்று, கடைசி வரியில் சேவையும் அவரே எழுதி வைத்திருந்தார்.

அப்போது மேடம் தன் டிரைவிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தார். பெயர் 'ஒரிஜினல்-தொடாதே'. மேக்ரோ சார் தன் சீட் பக்கம் வரும்போதெல்லாம் முதல் காரியமாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுவாராம் மேடம்.

உங்கள் ஆபீசிலும் ஒரு மேக்ரோ சார் இருப்பார். நல்ல மனிதர், கூப்பிட்டால் ஓடி வருவார், காசு கேட்க மாட்டார், சொல்லிக்கொடுக்கவும் தயங்க மாட்டார். தாராளமாகக் கூப்பிடுங்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கோப்புக்கு ஒரு காப்பி எடுத்து வேறு பெயரில் வைத்துவிடுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.