லத்தீன் வாத்தியார்

ஓசூரில் நந்தியாவட்டைக்கு மட்டும் மொழிச் சண்டை கிடையாது. நாம் நந்தியாவட்டை என்போம், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் நந்திவர்தனம் என்பார், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் நந்திபட்டலு. மூன்று மொழியும் நந்தியின் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றுமையாக இருக்கும் அந்த இடத்தில்தான் தோட்டக்கலைப் பேராசிரியர் வந்து நிற்பார். "டாபர்னேமொன்டானா டைவரிகேட்டா" என்பார். பிள்ளையாருக்கு நாலு பூ பறிக்கப் போனவன், அந்தப் பெயர் முடிகிறவரை கூடையும் கையுமாக நிற்க வேண்டும்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். தளியில் ரோஜா, ராயக்கோட்டையில் தக்காளி, கிருஷ்ணகிரியில் மா என்று விளைகிற ஜில்லாவில் இவரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். காலை நடையில் எதிரே வந்தால் நமக்கு வணக்கம் சொல்லமாட்டார், நமக்குப் பின்னால் இருக்கிற செடிக்குச் சொல்வார்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். மேடை முழுக்க ஜெர்பெரா, எல்லாம் உள்ளூர்ப் பசுமைக்குடிலில் விளைந்தது. சார் மொய்க் கவரோடு மேடை ஏறினார். மாப்பிள்ளை கை நீட்டினார். சார் அந்தக் கையைத் தாண்டிப் பின்னால் இருந்த பூவைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கண்ணை மூடி, "ஜெர்பெரா ஜேம்சோனி" என்றார். பெண்ணின் பாட்டி ஏதோ ஆசீர்வாத மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்ற நாற்பது பேரும் பந்திக்குப் போக முடியாமல் தென்னாப்பிரிக்கத் தாவரங்களைப் பற்றித் தெரிந்துகொண்டோம்.

நிலவடிவமைப்பும் அவர் பாடம்தான். என் வீட்டு வாசலில் இருக்கிற நாலடி மண்ணைப் பார்த்து ஒருமுறை, "ஃபோகல் பாயின்ட் எது?" என்றார். தண்ணி மோட்டாரைக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெயர் சொல்வதோடு விட்டால் தாங்கிக்கொள்ளலாம். பெயர் மாறிவிட்டது என்று வந்து சொல்வார் பாருங்கள், அதுதான் தாங்காது. மாமியார் நாக்குச் செடியை வாசலில் வைத்திருக்கிறோம். "அது இப்ப சான்செவீரியா இல்லை சார், டிரசீனாவுல சேர்த்துட்டாங்க" என்றார் ஒருநாள், வீடு காலி பண்ணிப் போனவர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி. சாமந்தியைக் கிரிசாந்திமம் என்று படித்தவர்களை டென்ட்ராந்திமா என்று மாற்றிப் படிக்க வைத்தார்கள். பிறகு 1990-களின் கடைசியில் கூடிப் பேசி, பழைய பெயரே இருக்கட்டும் என்றார்கள். இத்தனை களேபரத்திலும் ஓசூர்ச் சாமந்தி, வாரம் தவறாமல் பூத்துக்கொண்டுதான் இருந்தது.

அவருக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. அது கருவேலமரம். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள் அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். நம்மூர்க் கருவேலம் வாச்செலியா ஆயிற்று. "2011-இல் மெல்போர்னில் மறுபடி எடுத்துப் பேசினாங்க சார். தோத்துட்டோம்" என்பார். எல்லையோர ஊரில் காவிரித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போதுகூட யார் குரலும் இப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அந்த லத்தீனில் நம்முடையது ஏதாவது உண்டா சார்?" பஸ் ஸ்டாண்டு எதிரே புங்கமர நிழலில் நின்றிருந்தோம். முகம் மலர்ந்துவிட்டது. 1753-இல் லின்னேயஸ் மாவுக்கு மாஞ்சிஃபெரா என்று பெயர் எழுதினாரே, அதற்குள் இருப்பது நம் மாங்காய்தான், மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாயில் ஏறி ஐரோப்பா போனது என்றார். புங்கைக்குப் பொங்கேமியா என்று பெயர் வந்ததும் நம் பக்கத்துச் சொல்லால்தான் என்று மரத்தைத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று.

மீதியில் கொஞ்சம் லால்பாகில் போயிற்று. வருஷா வருஷம் பையன்களைப் பஸ்ஸில் அடைத்து அங்கே கூட்டிப்போவார். இந்தப் பக்கம் யார் தோட்டம் என்று பேச ஆரம்பித்தாலும் நாற்பது கிலோமீட்டர் போய் லால்பாகில்தானே முடியும். ஒருதரம் நானும் தொற்றிக்கொண்டேன். கண்ணாடி மாளிகை முன்னால் நின்று க்ரும்பீகல் கதையைச் சொன்னார். ஜெர்மன்காரர், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பரோடா வந்து, அங்கிருந்து மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர். பெங்களூர்ச் சாலைகளில் மாதம் ஒரு மரமாவது பூத்திருக்கும்படி பார்த்துப் பார்த்து நட்டவர். "ஒண்ணு உதிரும்போது இன்னொண்ணு பூக்கணும்டா. ஊர் ஒருநாள்கூட வெறுமையா இருக்கக் கூடாது." இதைச் சொல்லி முடிக்கிறவரை சார் வாயில் ஒரு லத்தீன் சொல் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் தங்கிப் படிக்கிற பேரிகைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு அரை ஏக்கர் சாமந்தி. இலைப்பேன் எப்போது விழும், எந்த மழைக்கு மொட்டு அழுகும், எத்தனை மணிக்குப் பறித்தால் வண்டிக்கு வாடாமல் போய்ச் சேரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பரீட்சையில் சாமந்தியின் பெயரைச் சரியாகத்தான் எழுதினாள். இரண்டாவது சொல்லைப் பெரிய எழுத்தில் ஆரம்பித்துவிட்டாளாம், அடிக்கோடும் போடவில்லையாம். அரை மார்க் போச்சு. சாரிடமே கேட்டேன். "விதி சார். ஒழுங்கா எழுதினாத்தான் ஹாலந்துக்காரனுக்கும் புரியும்." புரியட்டும். அவள் அப்பாவிடம் பூ வாங்குகிற தரகர் எந்த எழுத்தையும் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறார். எடை பிடிக்கப் பூவை எப்படி வளர்ப்பது என்று வினாத்தாளில் ஒரு கேள்வியாவது இருந்ததா?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பூ மார்க்கெட்டில் சாரைப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கடையில் குனிந்திருந்தார். அன்றைக்கு லத்தீனும் இல்லை, தமிழும் இல்லை, சுத்தமான தெலுங்கு. "சாமந்தி எந்தம்மா?"

கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ பாவம், நாக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

"கிரிசாந்திமம்ங்களா சார்? கிலோ இருநூத்தி எண்பது. வெறும் சாமந்தின்னா நேத்தே தீந்துபோச்சு."