பின் அச்சுக்கு ஒரு வரி

அனுப்புநர்: டி.என். 57 என்று தொடங்கும் பழைய பிக்கப் வண்டியின் மூன்றாவது உரிமையாளர், திண்டுக்கல்.

பெறுநர்: ஆர்.சி. அட்டையில் எதை அச்சிடலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்கும் உயர்மிகு அதிகாரி அவர்கள்.

பொருள்: வண்டியின் பின் அச்சு விவரம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

ஐயா,

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஆர்.சி.க்கான படிவம் 23 கேட்பதில் எதற்கும் குறைவில்லை. சேஸ் எண், எஞ்சின் எண், நிறம், டயர் அளவு, தகப்பனார் பெயர் எல்லாம் உண்டு. பின் அச்சு எத்தனை கிலோ தாங்கும் என்பதும் உண்டு. அந்த அச்சுக்குள் எத்தனை பல் சுற்றுகிறது என்பதற்கு மட்டும் இடமில்லை.

என் வண்டியின் பின் அச்சுப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் ஊளையிட ஆரம்பித்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி, "அண்ணே, 41-க்கு 9-ஆ, 43-க்கு 11-ஆ?" என்று பல் கணக்கைக் கேட்டார். ஆர்.சி.யை நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல உங்க அப்பா பேருதாண்ணே இருக்கு" என்றார்.

மெக்கானிக் அண்ணன் ஹவுசிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தார். விகிதம் பொறித்த தகடு இருந்த இடத்தில் வெறும் போல்ட்தான் இருந்தது. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விட்டு, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினார். மறு சக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரன்ஷியல் கணக்குப்படி கிரவுனுக்கு அதில் பாதி, ஒரே சுற்றுதான். ஷாஃப்ட் நாலரையைக் கொஞ்சம் தாண்டி நின்றது. 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.56. உர மூட்டையோடு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏற இதுதான் லாயக்கு. 43-க்கு 11 என்றால் 3.91, மதுரை நான்குவழிச் சாலையில் எஞ்சின் கத்தாமல் ஓடும், மலையில் மூச்சு வாங்கும்.

இதில் அரசுக்கென்ன என்று தாங்கள் கேட்கலாம். சரக்கு வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதிருக்கக் கருவி மாட்டச் சொல்வது அரசுதானே? பல வண்டிகளில் அந்தக் கருவிக்கான சுற்றுக் கணக்கு கியர்பாக்ஸ் முனையிலிருந்து போகிறது. 4.56-க்கு அமைத்த வண்டியில் யாரோ 3.91-ஐ மாட்டிவிட்டால், கருவி 80 என்று சத்தியம் செய்யும்போது வண்டி 93-ல் பறக்கும். கருவியின் சீல் உடையாது. அட்டையில் ஓர் எழுத்தும் பொய்யாகாது.

ஆகவே பணிந்து வேண்டுவது:

1. அட்டையில் 'பின் அச்சு விகிதம்' என்று ஒரு வரி சேர்க்கவும்.

2. இடமில்லையென்றால் 'நிறம்' என்பதை எடுத்துவிடலாம். வண்டி வெள்ளை என்பது தெருமுனையிலிருந்தே தெரிகிறது.

3. கிரவுன் மாற்றியதைப் பதிய கட்டணம் வைத்தாலும் சம்மதம். சரிபார்க்க வரும் ஆய்வாளர் பேனாவோடு ஒரு ஜாக்கியும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது உரிமையாளர்

இணைப்பு: கழற்றிய பினியன் – 1. பல் ஒன்பது, அதில் இரண்டு மொட்டை. எண்ணிப் பார்த்து ஒப்புகை அனுப்பவும்.