சாசன அண்ணாச்சி

தாமிரபரணிக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும், வெயில் தாழ்ந்த பின் மருந்துக் கடை வாசலிலோ வாசகசாலைத் திண்ணையிலோ, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாலைந்து பேர் கூடி மந்திரி சபைகளை ஆக்கியும் அழித்தும் பொழுது போக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சபையில், இந்திய அரசியல் சாசனத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே தம் தலையில் ஏற்றுக்கொண்ட ஒருவர் நிச்சயமாக இருப்பார். எங்கள் ஊரில் அவருக்குச் சாசன அண்ணாச்சி என்று பெயர். முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவர். நெற்றியில் திருநீறும், கையில் மஞ்சள் பையும், பைக்குள் சாசனப் புத்தகம் ஒன்றும், அதன் தாள்களுக்கிடையே பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த துண்டுகளுமாக அவர் மருந்துக் கடைப் பெஞ்சில் வந்து அமர்ந்துவிட்டால், அன்றைக்குப் பிரஜைகளின் உரிமைகளுக்குப் பங்கமில்லை என்று நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாலே அவருடைய அரசியல் சரித்திரம் முழுவதும் விளங்கிவிடும். 19-ஆவது ஷரத்தின் முதல் உட்பிரிவு பேச்சுச் சுதந்திரம் முதலியவற்றை வழங்குகிறது. அடுத்த உட்பிரிவு, தேசத்தின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றை முன்னிட்டு அந்தப் பேச்சுச் சுதந்திரத்துக்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கச் சர்க்காருக்கு இடம் கொடுக்கிறது. அண்ணாச்சியின் கட்சி எதிர்வரிசையில் இருந்த காலங்களில் முதலாவதன் கீழ்ச் சிவப்பு மையாலும், ஆளும் வரிசைக்கு வந்த காலங்களில் இரண்டாவதன் கீழ் நீல மையாலும் கோடு விழுந்து விழுந்து, அந்தப் பக்கம் மட்டும் கிழியும் தறுவாயில் இருக்கிறது. 21-ஆவது ஷரத்து ஒரே வாக்கியமாக அமைந்துவிட்டபடியால் அங்கே மைக்கு வேலையில்லை, குரலுக்குத்தான் வேலை. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் உடற்சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது அதன் சாரம். எதிர்க்கட்சிக் காலத்தில் அதைப் படிக்கும்போது உயிர், சுதந்திரம் என்ற இடங்களில் அவர் குரல் தழுதழுக்கும். ஆளுங்கட்சிக் காலத்திலோ அவ்விடங்களை விரைந்து தாண்டி, சட்டம் வகுத்த நடைமுறை என்ற இடத்தில் நின்று, கோர்ட்டு டவாலி கட்சிக்காரன் பெயரைக் கூவுவது போல் மூன்று தரம் கூவுவார்.

அண்ணாச்சிக்கு ஒரு ஜோடி உண்டு. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் சார்வாள், எதிர்க் கட்சிக்காரர். இருவரில் யாருக்கு எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வாசகர்களில் பாதிப்பேர், ‘அந்தக் கட்சிக்காரர்களே அப்படித்தான்’ என்று திருப்தியடைந்து, தங்கள் கட்சிக்காரரின் பங்கைப் படிக்காமலே தாளைத் திருப்பிவிடுவார்கள். தவிரவும், இருவருடைய வாதங்களையும் தேதியை நீக்கிவிட்டு எழுதி வைத்தால், எது யாருடையது என்று அவர்களே திணறிப் போவார்கள்.

2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலின் அதிர்ச்சி ஆறுவதற்கு முன்னால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் திருத்தம் மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதமின்றி நிறைவேறிற்று. கணினி வழியாகச் செல்லும் எதையும் சர்க்கார் இடைமறித்துப் பார்க்கலாம் என்று அதன் 69-ஆவது பிரிவு சொல்லிற்று. அதற்கு முன் தொலைபேசியை ஒட்டுக்கேட்க, வெள்ளைக்காரன் 1885-இல் போட்ட தந்திச் சட்டத்தின்படி, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாக வேண்டும். புதிய பிரிவில் அந்த நிர்ப்பந்தமும் தளர்ந்துவிட்டது. சார்வாள் கொதித்துப் போனார். அண்ணாச்சி நிதானமாக மூக்குப் பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம், சார்வாள்?”

இந்தப் பழமொழியை வாசகர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2014 மே மாதத்தில் அது கைமாறப் போகிறது.

இடையில் 2010-ஆம் வருஷம் இருவருக்கும் ஒரு சோதனை வைத்தது. ஏப்ரலில், அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக ஒரு பத்திரிகை எழுத, பார்லிமெண்டு ஸ்தம்பித்தது. சார்வாள் ஹிட்லரையும் முசோலினியையும் துணைக்கழைத்து, பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது பஞ்சமாபாதகங்களுக்கு அடுத்த பாதகம் என்று ஸ்தாபித்தார். நவம்பரில், வருமான வரி இலாகா பதிவு செய்திருந்த, பெரிய கம்பெனிகளின் தரகர் நீரா ராடியாவின் சம்பாஷணைகள் பத்திரிகைகளில் வெளியாயின. அதே சார்வாள் அவற்றை வரி விடாமல், ஆண்குரல் பெண்குரல் பேதம் காட்டி, பெஞ்சில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ஏப்ரலில் பொடி உறிஞ்சிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு இப்போது அந்தரங்கத்தின் மகத்துவம் சட்டென்று பிரத்தியட்சமாயிற்று. தம் அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக ரத்தன் டாடா உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவை, சொந்தத் தம்பியின் வழக்கைப் போலக் கவலையோடு விசாரித்துவந்தார்.

ஆதார் விஷயத்தில்தான் அவர்களுடைய கலை பூரணத்துவம் அடைந்தது. அந்தத் திட்டத்துக்கான மசோதாவை, யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான பார்லிமெண்டு நிலைக்குழு 2011 டிசம்பரில் நிராகரித்தபோது, சார்வாள் அந்தச் செய்தியைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிப் பத்திரப்படுத்தினார். ஆட்சி மாறி, 2016 மார்ச்சில் ஆதார் சட்டம் பண மசோதா வடிவில் நிறைவேறிய மறுநாள், அண்ணாச்சி பெஞ்சில் சற்று நெருங்கி உட்கார்ந்து, “சார்வாள், அந்த நிலைக்குழுச் செய்தியை வைத்திருந்தீர்களே, இருக்கிறதா?” என்றார். “இருக்கு அண்ணாச்சி. நீங்க அப்பவே ஆதாரைப் புகழ்ந்து ஒரு தலையங்கம் கத்தரிச்சு வச்சிருந்தீங்களே, அது?” என்றார் சார்வாள். மஞ்சள் பைகள் திறந்தன. துண்டுகள் கைமாறின. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில் இருவரும் மிகுந்த சந்தோஷத்தோடுதான் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய சர்க்காரின் வழக்கறிஞர் வாதாடி, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை மறுத்து 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி தீர்ப்பளித்த தினத்தன்று, பெஞ்சில் இருவருமே வெற்றி கொண்டாடினார்கள். வழக்கைத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். மனுப் போட்டது 2012-இல், ஒரு கட்சியின் ஆட்சியில். தீர்ப்பு வந்தது மறு கட்சியின் ஆட்சியில். சர்க்கார் மாறியது என்பதற்காக அவர் மனுவை மாற்றவில்லை. இந்தச் சாமானியமான விஷயம் எங்கள் பெஞ்சில் யாருடைய பிரசங்கத்திலும் இடம் பெறவில்லை.

2018 டிசம்பர் 20-ஆம் தேதி, கணினிகளிலுள்ள தகவல்களைக் கண்காணிக்கப் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்து உள்துறை உத்தரவு போட்டது. அண்ணாச்சி சிவப்புப் பேனாவோடு வந்து சேர்ந்தார். சார்வாள், “மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே அண்ணாச்சி வழியில் பயம்?” என்று கேட்டுவிட்டு, “அதுவும் போக, இது எங்க விதியா? 2009-ல உங்க ஆட்கள் போட்ட விதிதானே!” என்றார். டில்லியில் மந்திரிகள் சொன்ன சமாதானமும் அதுவே. எதிரி செய்த பாவம் என்றால் அதைக் கண்டிக்க வேண்டும், அல்லது கழுவ வேண்டும். நம் நாட்டிலோ அதைப் பட்டாவாக்கி அனுபவிக்கும் சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. முன்னவர் கட்டியது என்பதால் பின்னவர் குடியேறுகிறார். பின்னவர் கூடுதலாக ஓர் அறை எடுக்கிறார். அடுத்த தேர்தலில் முன்னவரே திரும்பி வந்தால், அந்த அறைக்கும் சேர்த்துச் சாவி கேட்பார்.

இதையெல்லாம் வைத்து அண்ணாச்சியைப் பொய்யர் என்று எண்ணிவிடக் கூடாது. 2008-இல் அவர் கண்ட தேச நலனும் சத்தியம். 2018-இல் அவர் விட்ட கண்ணீரும் சத்தியம். ஒட்டுக்கேட்கலாமா என்ற கேள்வி அவர் மனத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. கேட்கும் காது யாருடையது என்பதே அவருடைய விசாரம். பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கதையை அவரும் சொல்வார், சார்வாளும் சொல்வார். 2002 மார்ச்சில் அந்தச் சட்டத்தைக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேற்றிய ஆளுங்கூட்டணியில் ம.தி.மு.க.வும் இருந்தது, ஜூலையில் அக்கட்சியின் தலைவர் வைகோவே அதன் கீழ்க் கைதாகி, ஒன்றரை வருஷத்துக்கு மேல் வேலூர்ச் சிறையில் இருக்க நேர்ந்தது. சட்டம் கொண்டுவந்தவனின் குணத்துக்கு இது சான்று என்பார் அண்ணாச்சி. பிரயோகித்த முதலமைச்சரின் குணத்துக்குச் சான்று என்பார் சார்வாள். சட்டத்தின் குணத்தைப் பற்றி இருவருக்கும் அபிப்பிராயம் கிடையாது.

2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கமாகி வெளியே நின்ற வேளையில், புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறிற்று. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்கு விடை கொடுத்தார்கள். ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அன்று மாலை விவாதம் உச்சத்தில் இருந்தபோது, மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிக்கும் பையன் மருந்து கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“அண்ணாச்சி, மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரைமுறை சொல்லிச்சு. உள்துறைச் செயலாளர் உத்தரவு போடணும். அது சரியான்னு இன்னொரு குழு பார்க்கணும். அந்தக் குழுவிலும் அதிகாரிகள்தான். நீதிபதி ஒருத்தரும் இல்லை. உங்க ரெண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டும் அதை மாத்தலையே. அடுத்த தேர்தல்ல யார் வருவாங்கன்னு தெரியாத ஒரு ஆள் கிட்ட இந்தச் சட்டத்தை எழுதச் சொன்னா, நீதிபதி கையெழுத்து இல்லாம ஒட்டுக்கேட்க விடுவானா?”

அண்ணாச்சி சார்வாளைப் பார்த்தார். சார்வாள் அண்ணாச்சியைப் பார்த்தார். இத்தனை வருஷச் சகவாசத்தில் முதல் தடவையாக இருவரும் ஏககாலத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள்:

“அதெப்படித் தெரியாமப் போகும், தம்பி? அடுத்தது நாங்கதானே!”