கட்டிப்பிடி நோம்பி

(2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை சாயங்காலம். காங்கேயம், தாராபுரம் ரோட்டில் ஒரு பேக்கரி. கொங்கு நாட்டில் டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. பேக்கரிதான் டீக்கடை, பஞ்சாயத்து, பார்லிமெண்ட் எல்லாம். மாமாவுக்குக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் பதினைந்து ஏக்கர், காங்கேயம் இன மயிலைப் பசு நான்கு. அக்கா மகனான மாப்பிள்ளைக்கு எண்ணெய் மில் ஒன்று, வாட்ஸப் குழு பதினொன்று. சுருட்டிய ப்ளெக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்.)

மாமா: வா மாப்ள. என்ன, பாயா?

மாப்பிள்ளை: ப்ளெக்ஸுங் மாமா. பத்துக்கு எட்டு. பதினாலாந்தேதிக்கு அடிச்சிருக்கறோம். காதலர் தினம் வேண்டாம், கோமாதாவைக் கட்டிப்பிடிப்போம்னு.

மாமா: நல்ல அகலந்தான். ஆரு சொன்ன ரோசனை இது?

மாப்பிள்ளை: இந்திய விலங்குகள் நல வாரியமுங். ஆறாந்தேதி அறிக்கை உட்டிருக்குது. மேல்நாட்டு மோகத்துல வேத பாரம்பரியம் அழியற நெலமைக்கு வந்துருச்சாமா. பிப்ரவரி 14 அன்னைக்குப் பசுவைக் கட்டிப்புடிச்சா சந்தோசம் பெருகுமாமா.

மாமா: அந்த வாரியமா? 2014 மே மாசம் ஜல்லிக்கட்டு கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டுல கேஸ் ஜெயிச்சுதே, அதேவா?

மாப்பிள்ளை: அதேதானுங். ஆனா அது வேற விசயமுங்.

மாமா: வெளங்கிக்கத்தான் கேக்கறேன். திமிலைப் புடிச்சாக் கொடுமை, கழுத்தைப் புடிச்சாக் கலாச்சாரம். சரி, மேல சொல்லு.

மாப்பிள்ளை: காதலர் தினத்துக்கும் நம்ம மண்ணுக்கும் என்னங் சம்பந்தம்? எங்கியோ ரோமாபுரியில செத்துப்போன பாதிரியார் பேருல நம்ம பசங்க ரோசாப்பூ குடுத்துக்கறானுங்க.

மாமா: அந்த ரோசாப்பூ நம்ம ஓசூர்ல வெளையறதுதான். ஓசூர்க்காரன் அதே வாரத்துல வெளிநாட்டுக்கும் ஏத்தறான். அந்த பப்ஸை ஆறறதுக்குள்ள தின்னு.

மாப்பிள்ளை: வருமானம் வேறங், வழக்கம் வேறங்.

மாமா: வழக்கம்னா, தஞ்சாவூர்ப் பக்கம் மாசி மாசம் காமன் பண்டிகைன்னு ஒண்ணு கும்பிடறாங்க. மன்மதனுக்குத்தான். உன்ற பிப்ரவரி பதினாலும் மாசிதான்.

மாப்பிள்ளை: அது சாமி மாமா!

மாமா: சாமின்னா சரி. சிவன்மலை உத்தரவுப் பெட்டியில என்னென்னவோ வெச்சுக் கும்புடறோம். ஆண்டவன் ஒரு பக்தன் கனவுல வந்து ரோசாப்பூ வைக்கச் சொல்லிட்டா என்ன பண்ணுவ?

மாப்பிள்ளை: (சித்தே யோசித்து) பூ வெலை ஏறுமுங்.

மாமா: அதே சிவன்மலையில ஜனவரி ஒண்ணாந்தேதி வெடியால நாலு மணிக்கு வரிசையில நின்னயே, அது ஆரு வருசப்பொறப்பு?

மாப்பிள்ளை: ஊரே நிக்குதுங் மாமா.

மாமா: நானும்தான் நின்னேன். நம்ம வருசப்பொறப்புக்கு எந்தத் தேதியில போயி நிக்கறதுன்னு கோட்டைக்கே தெரியல. 2008ல தை ஒண்ணுன்னு சட்டம் போட்டாங்க, 2011ல மறுபடி சித்திரைக்கே ஓட்டிட்டு வந்தாங்க. வெள்ளைக்காரன் வருசப்பொறப்பு ஒண்ணுதான் எடம் மாறாம நிக்குது. உன்ற புள்ளைக்குக் காது குத்துனயே, அன்னைக்கு என்ன வெட்டுன?

மாப்பிள்ளை: கெடாதானுங்.

மாமா: கெடா மத்தியானம். காலையில?

மாப்பிள்ளை: ...கேக்குங். புள்ளைங்க ஆசைப்பட்டுதுங்க.

மாமா: தப்பே இல்ல, நானும் ரெண்டு துண்டு தின்னேன். இப்ப நோம்பிக்கு வருவோம். பதினாலாந்தேதி எந்த மாட்டைக் கட்டிப்புடிக்கப்போற?

மாப்பிள்ளை: எங்க கட்டுத்தரையிலயே ரெண்டு நிக்குதுங்.

மாமா: என்ன மாடு?

மாப்பிள்ளை: கறவை மாடுங்.

மாமா: அதான், என்ன மாடு?

மாப்பிள்ளை: ஜெர்சிங்.

மாமா: ஜெர்சி எந்தூரு? வெள்ளகோயில் பக்கமா, மூலனூர் பக்கமா?

மாப்பிள்ளை: (குரலை இறக்கி) இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவால ஒரு தீவுங்.

மாமா: ரோமாபுரி ஆகாது, அந்தத் தீவு ஆகும். சரி, பக்கத்துத் தீவுன்னே வெச்சுக்கலாம்.

மாப்பிள்ளை: உங்க மயிலை ரெண்டு லிட்டர் கறக்கும். ஜெர்சி வேளைக்கு எட்டு கறக்குதுங். சொசைட்டிக்காரன் பாரம்பரியத்துக்குக் காசு குடுக்கறானுங்களா?

மாமா: இப்பத்தான் மாப்ள நாயமாப் பேசற! அதைப் ப்ளெக்ஸுல அடிச்சிருந்தா நானே வந்து கட்டிக் குடுத்திருப்பேன். எங்கப்பன் காலத்துல காங்கேயம் எருது கவலை எறைச்சுது. அந்த வேலையை மோட்டார் வாங்கிருச்சு. வண்டி இழுத்துது, அதை டெம்போ வாங்கிருச்சு. உழவை ட்ராக்டர் வாங்கிருச்சு. மிச்சம் இருந்தது பாலு, அதை உன்ற தீவு வாங்கிருச்சு. கொழுக்கட்டைப் புல்லு மொளைக்கற கொரங்காட்டுல கிளுவை வேலியைப் புடுங்கி சைட்டு போட்டு விக்கறாங்க. இத்தனை போனப்ப ஒருத்தனும் ப்ளெக்ஸ் அடிக்கல. ஒரு பையன் ஒரு புள்ளைக்குப் பூக் குடுத்ததுந்தான் பாரம்பரியம் அழியறது கண்ணுக்குத் தெரியுது.

மாப்பிள்ளை: அதுக்குத்தானுங் விழிப்புணர்வு. கட்டிப்புடிச்சாப் பாசம் வரும்.

மாமா: எவன் மாட்டைக் கட்டிப்புடிச்சிருக்கறான்? கழுத்தைத் தடவுவோம், தாடையைச் சொறிவோம், உண்ணி புடுங்குவோம். என்ற மயிலைகிட்ட அறியாத ஆளு ரெண்டு கையையும் விரிச்சுட்டுப் போனா, சந்தோசம் பெருகறதுக்கு முன்னால ஆம்புலன்ஸ் வரோணும். கட்டிப்புடிக்கறது நம்ம வழக்கமே இல்ல மாப்ள. ஹாலந்துக்காரன் வழக்கம்.

மாப்பிள்ளை: ஹாலந்தா?

மாமா: என்ற பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரு. ஹாலந்து பையர் ஒருத்தரு அவங்கிட்ட சொன்னாராமா. அங்க மனசு சரியில்லாதவங்க காசு கட்டிப் பண்ணைக்குப் போயி, படுத்திருக்கற மாட்டுமேல சாஞ்சு கட்டிப்புடிச்சுக்குவாங்களாமா. 'கூ க்னுஃபெலன்'னு பேரு. வாயில நொழையாததுனாலதான் இன்னும் நம்ம வேதத்துல சேராம இருக்குது.

மாப்பிள்ளை: (டீயை உறிஞ்சுகிறார். பேச்சு இல்லை.)

மாமா: நம்ம மாட்டுக்குன்னு ஒரு நோம்பி இருக்குதில்ல, பட்டிப் பொங்கல்? போன மாசம் சாணியில தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூ போட்டு, நானும் உங்கத்தையும் ரெண்டே பேரு நின்னோம். கன்னை ஓட்டியார ஆளில்ல. நீ எங்கிருந்த?

மாப்பிள்ளை: புள்ளைங்களுக்கு லீவுன்னு... கொடைக்கானலுங்.

மாமா: அங்க குளுரு நல்லா இருந்துதா?

(மாப்பிள்ளையின் போன் நான்கைந்து முறை அடுத்தடுத்துக் கூவுகிறது. பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா... வாரியம் அறிக்கையை வாபஸ் வாங்கிருச்சாமாங்.

மாமா: அதுக்குள்ளயா? மாரியாத்தா நோம்பிக்கு நட்ட கம்பங்கூட பதினஞ்சு நாள் நிக்கும். இது நாலே நாள்ல புடுங்கிட்டாங்களே! காரணம் என்னமாச்சும் சொல்லியிருக்குதா?

மாப்பிள்ளை: மேலிடத்துல சொன்னாங்கன்னு மட்டும் போட்டிருக்குதுங். ஏனுங் மாமா, ப்ளெக்ஸுக்குக் காசு குடுத்தாச்சுங்ளே. பதினஞ்சாந்தேதிக்கு மாத்தி வேற என்னமாச்சும் நடத்தலாமுங்களா?

மாமா: காசு போனாப் போகுது, சீட்டை வீசிராத. என்ற சோளத்தட்டுப் போருக்குப் போத்தறதுக்குப் பத்துக்கு எட்டு அளவெடுத்தாப்ல இருக்கும். விரி, ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாக்கலாம்.

(மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடிக்க, மாமா விரிக்கிறார். பச்சைப் புல்வெளி, பின்னால் பனி மலை, நடுவில் திமிலே இல்லாத ஒரு கருப்பு வெள்ளைப் பசு.)

மாப்பிள்ளை: கூகுள்ல எடுத்ததுங்.

மாமா: நல்ல சீட்டு. படம் இருக்கற பக்கத்தை மட்டும் அடியில போட்டுக்கலாம் மாப்ள. இதைப் பாத்தா என்ற மயிலை மெரண்டு கவுத்தை அத்துக்கும்.