4913 என்னும் கோப்பும் அதன் காலமும்: ஒரு மீளாய்வு

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், கோப்பு மாறியதும் கட்டளை தானே மறுபடி ஓடும் இயல்பை ஆராய்தல் நுதலிற்று. இத்துறையை இதுவரை யாரும் ஆராய்ந்ததில்லை. ஆராய்ந்தோர் அனைவரும் பிழைபட ஆராய்ந்தனர்.

முதல்நூல் 'மேக்' என்னும் நிரல். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றியது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. கடைசியாக மாறிய நேரத்தையே பார்க்கும். மூலக் கோப்பு புதிது, அதிலிருந்து பிறந்தது பழையது என்றால் கட்டளையை ஓட்டும். ஆகவே ஓர் எழுத்தையும் தொடாமல் 'டச்' கட்டளையால் நேரத்தை மட்டும் புதுப்பித்தாலும் மேக் நம்பிவிடும். 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்ற பெயரில் நம் பேராசிரியர்கள் இந்த உத்தியை நெடுங்காலமாகக் கையாண்டு வருவதை இங்குப் பதிவு செய்கிறேன்.

மேக்கை நாம்தான் அழைக்க வேண்டும். அழைக்காமலே ஓடுவன இருவகைப்படும். அடிக்கடி போய் "மாறியதா, மாறியதா?" என்று நச்சரிப்பன ஒன்று, அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னல் வந்து எழுப்பும்வரை உறங்குவன மற்றொன்று. லினக்ஸில் இவற்றுக்கு 2005இல் 2.6.13 பதிப்போடு வந்த 'ஐநோட்டிஃபை' துணை.

இனி உயிர்நிலை. இப்படிக் காவல் வைத்த ஃபோல்டரில் 'விம்' எடிட்டர் கொண்டு எதையேனும் சேமித்தால், 4913 என்றொரு கோப்பு பிறந்து இறந்ததாகச் செய்தி வருவதுண்டு. அங்கே புதுக் கோப்பு உண்டாக்க முடியுமா என்று விம் சோதிப்பதன் விளைவு அது. அப்பெயரில் முன்பே கோப்பு இருந்தால் 123 கூட்டி 5036 என்று முயலும்.

ஏன் 4913? 17இன் கனம் என்பர் கனவாதிகள். தற்செயல் என்பர் தற்செயல்வாதிகள். கனவாதிகளின் பேருரைக்கு எழுந்த மறுப்புரையின் அடிக்குறிப்புக்கான பிற்சேர்க்கை (அச்சேறவில்லை, சுவடி கிடைக்கவில்லை, எழுதப்பட்டதற்கும் சான்றில்லை) இதை ஐயந்திரிபறத் தீர்த்துவிட்டது. 123இன் இலக்கங்கள் ஏறுவரிசையில் நிற்பதால் இக்கோப்பு கி.மு.வைச் சேர்ந்தது என்பது அடியேன் துணிபு. விம் வெளியானதே 1991இல்தான் என்று சிலர் மறுப்பர். அவர்கள் மூலநிரலைப் படித்தவர்கள், ஆகவே நடுநிலையற்றவர்கள்.

எஞ்சியது ஒன்று. தான் காவல் காக்கும் கோப்பிலேயே கட்டளை எழுதினால், கோப்பு மாறும், கட்டளை ஓடும், மறுபடி எழுதும், மறுபடி ஓடும். நிரலாளர் இதைப் பிழை என்று திருத்துகிறார்கள். ஆய்விதழ்களில் இதற்கு மேற்கோள் எண்ணிக்கை என்று பெயர், பதவி உயர்வும் உண்டு. விரிவுக்கு என் முந்தைய கட்டுரை காண்க. அது இக்கட்டுரையை ஆதாரமாகக் கொண்டது.