சுல்தானால் முடியாதது, சூயிங்கத்தால் முடிந்தது

சிகரெட்டை விடுவதற்கு மருந்து தேடுகிறீர்களா? முதலில் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்குள் புகையிலை நுழைந்ததே மருந்து என்ற பெயரில்தான்!

1560 வாக்கில் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் ழான் நிக்கோ. தூதர் என்றால் ஒப்பந்தம், உளவு என்று ஆயிரம் ஜோலி இருக்கும். நம் ஆள் பார்த்ததோ கம்பவுண்டர் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அதிசயச் செடியைப் பிரெஞ்சு அரண்மனைக்கு அனுப்பிவைத்தார். ராஜமாதா கேத்தரின் டி மெடிச்சி தலைவலிக்காக அதைப் பொடியாக்கி மூக்கில் ஏற்றிக்கொண்டதாகக் கதை. ராஜமாதா தும்மினால் அரண்மனையில் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? கூடவே தும்மினார்கள். அந்தச் செடியில் இருந்த சமாச்சாரத்துக்குப் பிற்பாடு ‘நிகோடின்’ என்று தூதர் பெயரையே வைத்தார்கள். தலைவலிக்கு மருந்து அனுப்பப் போய், உலகத்தின் தீராத தலைவலிக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போனார் மனிதர்.

ஸ்பெயினின் செவில் நகரத்தில் நிக்கலாஸ் மொனார்டெஸ் என்று ஒரு டாக்டர். 1571-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்தால், இன்றைய வாட்ஸ்அப் மருத்துவக் குழுவில் அவருக்கு அட்மின் பதவியே கொடுக்கலாம். பல்வலி, வயிற்றுப் பூச்சி என்று இருபதுக்கும் மேற்பட்ட கோளாறுகளைப் புகையிலை குணப்படுத்தும் என்று அடித்துச் சொன்னார். அந்தப் பட்டியலில் வாய் நாற்றமும் உண்டு என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது!

இப்படி டாக்டர்கள் வாசலைத் திறந்துவிட்டதை ராஜாக்கள் மூடப் பார்த்தார்கள். முதலில் கிளம்பியவர் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ். 1604-ல் புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூலே எழுதினார். கண்ணுக்கு ஆகாது, மூக்குக்கு ஆகாது, மூளைக்கு ஆகாது, நுரையீரலுக்கு ஆபத்து என்று பிளந்து கட்டினார். (அதில் பாதி சரி என்று டாக்டர்கள் ஒப்புக்கொள்ள முந்நூற்றைம்பது வருடம் ஆயிற்று.) ஆனால் நூலில் முதலில் தன் பெயரைப் போடவில்லை. ஒரு நாட்டின் ராஜா, சொந்தக் குடிமக்களுக்கு மொட்டைக் கடுதாசி எழுதிய அபூர்வக் காட்சி இது.

கடுதாசிக்கு யாரும் அசையவில்லை என்றதும் வரியில் கை வைத்தார். பவுண்டுக்கு 2 பென்ஸ் இருந்த இறக்குமதி வரியை ஒரே எழுத்தில் 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆக்கினார். கணக்குப் பார்த்தால் 41 மடங்கு! நம் நிதியமைச்சர்களுக்கே கனவில்தான் வரக்கூடிய எண். ஆனாலும் விதி பாருங்கள். அமெரிக்காவில் அவர் பெயரால் ஒரு ஊர் முளைத்தது, ஜேம்ஸ்டவுன் என்று. பஞ்சத்தில் சாகக் கிடந்த அந்த ஊர், ஜான் ரோல்ஃப் என்பவர் விதைத்த ஒரு பயிரால்தான் பிழைத்தது. என்ன பயிர் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

ஆட்டோமான் சுல்தான் நான்காம் முராத், ஜேம்ஸ் மாதிரி எழுதிக்கொண்டு உட்காரும் ரகம் இல்லை. 1633-ல் புகைத்தால் மரண தண்டனை என்றார். இரவில் மாறுவேடத்தில் இஸ்தான்புல் தெருக்களில் போய்த் தானே ஆள் பிடிப்பார் என்றுகூடச் சொல்வார்கள். மதுவுக்கும் தடை போட்டார். தடை போட்ட கையிலேயே கோப்பை இருந்தது என்பது தனிக் கதை. அவர் கண்ணை மூடிய சில வருடங்களில் தடை போயிற்று. கத்தியால் நிற்காத பழக்கம் கஜானாவுக்கு வரியாகக் கொட்டத் தொடங்கியது.

சரி, ராஜாக்கள் தோற்றார்கள். அடுத்து வியாபாரிகள் வந்தார்கள்.

1890-களில் அமெரிக்கப் பத்திரிகைகளைத் திறந்தால் ‘நோ-டு-பேக்’ என்ற மாத்திரையின் விளம்பரம்தான். புகையிலையை விட்டால் நோஞ்சான் பயில்வான் ஆவான் என்று உத்தரவாதம். தயாரித்தது ஸ்டெர்லிங் ரெமெடி கம்பெனி. அதே கம்பெனியின் இன்னொரு சூப்பர்ஹிட் சரக்கு என்ன தெரியுமா? ‘காஸ்கரெட்ஸ்’ என்ற மலச்சிக்கல் மிட்டாய். சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் வரும் தொல்லைகளில் மலச்சிக்கலும் ஒன்று. ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு கல்லாவைத் திறக்கத் தெரிந்தவர்கள்!

அடுத்து வருபவரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. லூசி பேஜ் காஸ்டன். முன்னாள் டீச்சர். வகுப்பில் மக்காகத் திரியும் பையன்கள்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்த் தம்மடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து சிகரெட்டோடு குடும்பச் சண்டை போட ஆரம்பித்தார். 1899-ல் சிகாகோவில் சிகரெட் எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார். தெருவில் யார் வாயிலாவது சிகரெட் தெரிந்தால் போச்சு, அங்கேயே பாடம் நடக்கும். டீச்சர் ரிட்டையர் ஆனாலும் பிரம்பு ரிட்டையர் ஆவதில்லை.

அவருடைய ஆட்கள் நடத்திய கிளினிக்கில் வைத்தியம் படு எளிமை. சில்வர் நைட்ரேட் கரைசலைத் தொண்டையில் தடவுவார்கள், இல்லையென்றால் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு புகை உள்ளே போனால் வாயே குமட்டும். ஆசை வந்தால் மெல்லுவதற்கு ஜென்ஷியன் என்ற கசப்பு வேர். இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். தத்துவம் என்னவோ சரிதான். ஆனால் வாய் குமட்டுகிறவன் எதை விடுவான், சிகரெட்டையா, கொப்பளிப்பதையா? இந்தக் கேள்வியை டீச்சர் சாய்ஸில் விட்டுவிட்டார்.

அம்மணிக்கு ஒரு பெருமை உண்டு, தான் பார்ப்பதற்கு ஆபிரகாம் லிங்கன் மாதிரி இருப்பதாக. (ஒரு பெண்மணி பெருமைப்பட வேறு முகமா கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள்.) முகம் இருக்கிறது, அப்புறம் நாற்காலிதானே பாக்கி? 1920-ல் ஜனாதிபதித் தேர்தலில் குதிப்பதாக அறிவித்தார். அமெரிக்கா யோசித்துப் பார்த்து வாரன் ஹார்டிங்கைத் தேர்ந்தெடுத்தது. அவர் புகை பிடிப்பவர்! டீச்சர் விடுவாரா, நிறுத்தச் சொல்லி அவருக்கும் எழுதினார்.

1924-ல் ஒரு சிகரெட் எதிர்ப்புக் கூட்டம் முடிந்து திரும்பும்போது டிராம் வண்டி அவர் மேல் மோதியது. அதே வருடம் இறந்தும் போனார். தொண்டைப் புற்றுநோய். எந்தக் கதாசிரியன் எழுதினாலும் அடித்துத் திருத்தச் சொல்லியிருப்போம்.

அதே காலத்தில் வியன்னாவில் இன்னொருவர். உலகத்தில் எவன் எந்தப் பழக்கத்துக்கு ஏன் அடிமையானான் என்று சோபாவில் படுக்கவைத்தே சொல்லிவிடுவார். பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். தினசரி கணக்கு, சுமார் இருபது சுருட்டு. நண்பர் டாக்டர் ஃப்ளீஸ் 1890-களிலேயே இதயம் படபடக்கிறது, நிறுத்து என்றார். ஃப்ராய்டும் நிறுத்தினார், மறுபடி பற்றவைத்தார், மறுபடி நிறுத்தினார். 1923-ல் தாடையில் புற்றுநோய் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன் நடந்தது. சுருட்டு மட்டும் நின்றபாடில்லை. அந்த சோபாவில் அவரைப் படுக்கவைத்துக் கேள்வி கேட்க ஊரில் இன்னொரு ஃப்ராய்ட் இல்லையே!

நடுவில் லோபிலியா என்ற செடியின் சத்தை, நிகோடினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லி அரை நூற்றாண்டு விற்றார்கள். பிரயோஜனத்துக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைக் கடைகளிலிருந்து இறக்கியது 1993-ல். 1970-களில் ஷேவிங் ரேசர் கம்பெனி முதலாளி பேட்ரிக் ஃப்ராலி மையங்களே திறந்தார். காசு கட்டி உட்கார்ந்து தம்மடிக்க வேண்டும், அடித்தால் கையில் லேசாக ஷாக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் இதே சிகிச்சை மின்சாரம் இல்லாமல், இலவசமாக நடந்துகொண்டிருந்தது.

இப்போது கதை திரும்புகிறது. இதுவரை வந்தவர்கள் எல்லாம் புகைப்பவனை மிரட்டியவர்கள், கசக்க வைத்தவர்கள், அவமானப்படுத்தியவர்கள். அவன் என்னதான் தேடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது ஸ்வீடனில், அதுவும் தண்ணீருக்கு அடியில்.

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாது. 1967 டிசம்பரில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் லுண்ட்க்ரென், ஹெல்சிங்போரியில் லியோ மருந்துக் கம்பெனியில் இருந்த தன் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் போட்டார். உள்ளே போகும் மாலுமிகள் சிகரெட்டுக்குப் பதில் உதட்டுக்கடியில் புகையிலையை அடக்கிக்கொண்டு சமாளிக்கிறார்கள், அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது புகை இல்லை, நிகோடின்தானே என்று. கடிதம் சரியான விலாசத்துக்குத்தான் போயிருந்தது. ஃபெர்னோவே பெரிய புகைப்பாளி!

யோசித்துப் பாருங்கள். ஆளைப் பிடித்துவைப்பது நிகோடின். ஆளைக் கொல்வது புகையோடு வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற கூட்டாளிகளும். இரண்டையும் பிரித்துவிட்டால்? ஃபெர்னோ நிகோடினைச் சூயிங்கத்தில் ஏற்றினார். வாய் வழியாகவே அது ரத்தத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகக் காரப்பொருளும் சேர்த்தார். பிறந்தது நிகோரெட். அடுத்த சிக்கல், இது மருந்தா, மிட்டாயா? சொந்த ஊர் அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, சுவிட்சர்லாந்து 1978-லேயே கையெழுத்துப் போட்டது. அமெரிக்கா 1984-ல்தான் இறங்கி வந்தது. அதுவரை சிகரெட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் யாரையும் கேட்காமல் வாங்கலாம், அதை நிறுத்தும் சூயிங்கத்துக்கு மட்டும் அரசாங்க ஃபைல் நகர வேண்டும்!

கலிஃபோர்னியாவில் இன்னொரு கூத்து. மர்ரே ஜார்விக் என்ற விஞ்ஞானி. (ஐம்பதுகளில் எல்எஸ்டியை ஆராய்ந்தவர், பிறகு குரங்குகளுக்குத் தம்மடிக்கப் பழக்கியவர். செயற்கை இதயம் செய்த ராபர்ட் ஜார்விக் இவருடைய சகோதரரின் மகன். அந்தக் குடும்பத்தில் யாருமே சும்மா இருந்ததாகத் தெரியவில்லை.) ஈரமான புகையிலை பறிக்கும் கூலியாட்கள், ஒரு பீடிகூடப் பிடிக்காமல் தலைசுற்றி வாந்தி எடுக்கிறார்கள் என்பது இவருக்குப் பொறி தட்டியது. நிகோடின் தோல் வழியாகவே இறங்குகிறது! சக ஆராய்ச்சியாளர் ஜெட் ரோஸும் இவரும் மனிதர்கள் மேல் சோதிக்க அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. அசந்தார்களா? தங்கள் தோலிலேயே புகையிலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இதயம் திமிதிமி என்று அடித்தது, சோதனை வெற்றி. 1990-களின் தொடக்கத்தில் ‘பேட்ச்’ கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் சரக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது.

பியூப்ரோபியான் கதை இன்னும் தமாஷ். அது மனச்சோர்வுக்கு ஏற்பட்ட மாத்திரை. கலிஃபோர்னியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் லிண்டா ஃபெர்ரி என்ற டாக்டர், அதைச் சாப்பிட்ட நோயாளிகளுக்குச் சிகரெட் ஆசை தானாகவே குறைவதைக் கவனித்தார். 1997-ல் அதே மாத்திரை ‘ஸைபான்’ என்ற புதுப் பெயரில் மறுபிறவி எடுத்தது. சோகத்துக்கு மருந்து கொடுத்தால் சிகரெட்டும் போனது. நம் சினிமா கதாநாயகர்களிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கதாபாத்திரம் பல்கேரியாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காத சிப்பாய்கள் லேபர்னம் மரத்தின் இலையைச் சுருட்டிப் பிடித்தார்கள். அதிலிருக்கும் சைட்டிசின், மூளையில் நிகோடின் உட்காரும் அதே நாற்காலியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆசையும் தணியும், மேற்கொண்டு சிகரெட் பிடித்தாலும் ருசிக்காது. 1964-லேயே பல்கேரியா ‘டாபெக்ஸ்’ என்று மாத்திரை போட்டுவிட்டது. 25 நாள் கோர்ஸ், மலிவு விலை. ஃபெர்னோவுக்கு அந்தக் கடிதம் வருவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே!

மேற்குலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்யூனிஸ்ட் மாத்திரை ஆயிற்றே! பிற்பாடு ஃபைசர் கம்பெனி அதே மூலக்கூறைத் தட்டிக் கொட்டி ‘வேரனிக்ளின்’ ஆக்கி 2006-ல் நல்ல விலைக்கு இறக்கியது. பழைய பல்கேரிய மாத்திரையைப் பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று சீரியஸாக எடுத்துக்கொண்டது 2011-ல். 2014-ல் நியூசிலாந்து ஆய்வு அதை நிகோடின் பேட்ச், கம் வகைகளோடு மோதவிட்டது. ஜெயித்தது பல்கேரியாக்காரர்.

ஒரு நிமிடம். ‘இந்தியன் லேபர்னம்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது நம் ஊர்ச் சரக்கொன்றையை. இரண்டும் வேறு வேறு மரம். ‘பாட்டி வைத்தியம்’ என்று யாராவது ஃபார்வர்ட் பண்ணினால் நம்பி மென்றுவிடாதீர்கள். சரக்கொன்றையால் சிகரெட் நிற்காது, வயிறுதான் நிற்காது. அந்த லேபர்னம் மரமோ விஷம். மாத்திரைக்காரர்கள் அளந்து போடுவதை நாம் கைப்பிடியால் போடக் கூடாது.

கடைசியாக சீனாவின் ஹோன் லிக். மருந்தாளுநர், பெரும் புகைப்பாளி. 2003-ல் இ-சிகரெட் கண்டுபிடித்தார், தான் சிகரெட்டை விடுவதற்காக. பத்தே வருடத்தில் அதன் காப்புரிமைகளை ஏழரைக் கோடி டாலருக்கு வாங்கியது யார்? இம்பீரியல் டொபேக்கோ, சிகரெட் கம்பெனி! ஹோன் லிக்கோ அதற்குப் பிறகும் அவ்வப்போது நிஜ சிகரெட்டும் பிடிப்பதைப் பேட்டிகளில் ஒப்புக்கொண்டார். இந்தியா 2019-ல் இ-சிகரெட்டைத் தடை செய்தது. நிஜ சிகரெட் பெட்டிக்கடையில் அப்படியே இருக்கிறது.

இத்தனை பேர் பாடுபட்டும் நிலவரம் என்ன? வெறும் வைராக்கியத்தில் விடுகிறவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். கம்மும் பேட்ச்சும் அந்த வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்கும். வேரனிக்ளின் அதைவிடக் கொஞ்சம் மேல். மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் சுல்தானுடைய கத்தி, டீச்சருடைய கொப்பளிப்பு எதற்கும் இந்த மார்க் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே நிகோடின் கம், பேட்ச்சை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. பொறுமையாக மென்று கன்னத்தில் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் காபி வேண்டாம். புளிப்பும் காபியும் நிகோடினை உள்ளே விடாது. பியூப்ரோபியான், வேரனிக்ளின் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுத்தான்.

சிகரெட் பாக்கெட்டில் அந்தப் பயங்கரப் படத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதானே தீப்பெட்டி தேடுகிறீர்கள்? விரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு நம்பர் போட்டிருக்கும். 1800-11-2356. காசில்லாத கால். எடுப்பவர்கள் மொட்டைக் கடுதாசி எழுத மாட்டார்கள், ஷாக்கும் கொடுக்க மாட்டார்கள். ஒரு போன்தான், போட்டுப் பாருங்களேன்.