எனக்கு ஒரு லைன் இருக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவர், கண்டக்டர் தவிர இன்னொருவர் நிச்சயம் இருப்பார். வெள்ளை லினன் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்ஸின் பை, அதற்குள் யார் யாருடையவோ பட்டா நகல்கள். திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பிய பஸ் முதுநகரைத் தொடுவதற்குள் உங்கள் பெயர், ஊர், தலைபோகிற பிரச்சினை மூன்றும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆலப்பாக்கம் வருவதற்குள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுவார்: “கவலைய விடுங்க சார். எனக்கு ஒரு லைன் இருக்கு.”

எந்த லைன் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உப்பனாற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாமாகவே, ‘கலெக்டர் ஆபீஸ்ல ஆள் வச்சிருக்கார் போல’ என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் என்று அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே வார்த்தை. அதைக்கொண்டு அவர் முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்.

இந்த வித்தைக்கு ஊரிலேயே முன்னோடி உண்டு. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. சுற்றிலும் எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் இருந்த அளவுகோல், பீரங்கிக் குண்டு விழுகிற தூரம். குண்டு பாய்ந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. லைன் எங்கே முடிகிறது என்று தெரியாமலே வியாபாரம் முடிந்திருக்கிறது. நம்மவர் பீரங்கி இல்லாமல் அதையே செய்கிறார்.

அவருக்குச் சாதகம் என்னவென்றால், இந்தப் பக்கத்தில் எல்லாமே லைன்தான். சோப்பு, பிஸ்கட் ஏஜென்சிக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பரங்கிப்பேட்டை லைன், புதன்கிழமை புவனகிரி லைன். தண்டலுக்குப் பணம் விடுகிறவர் சாயங்காலம் வசூலுக்குக் கிளம்பினால் அதுவும் லைன். ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ் என்று வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டால் லைன் வீடு. கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன். கல்லூரி பஸ் நிறுத்தத்தில் தலை வாரிக்கொண்டே நிற்கிற பையன் அடிப்பதும் லைன்தான். இத்தனை அர்த்தத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைகிறவருக்குச் சில சமயம் கை தவறுவது இயற்கை.

ஒரு முறை அப்படித்தான் ஆயிற்று. பெண்ணைப் பெற்றவர் ஒருவர், மாப்பிள்ளைப் பையன் எப்படி என்று இவரிடம் விசாரித்தார். பையன் சோப்பு ஏஜென்சியில் விற்பனைப் பிரதிநிதி. இவர் மனசார நற்சான்று கொடுத்தார். “தங்கமான பையங்க. காலையில ஒரு லைன், சாயங்காலம் ஒரு லைன். ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டான்னா பாத்துக்குங்க.” சம்பந்தம் அன்றோடு முறிந்தது.

ரயிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உணர்ச்சி பொங்கும். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூருக்குப் போகிற பாதைக்கு ரயில்வேயில் மெயின் லைன் என்று பெயர். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே திருச்சிக்குப் போவது கார்டு லைன். மதுரை, நெல்லை என்று பறக்கிற வண்டிகளில் பெரும்பாலானவை குறுக்கு வழியில் போய்விட, எங்களுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. 2010-ல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தும் அந்தக் குறை தீரவில்லை. எதிர் வண்டிக்காக ரயில் கிள்ளையில் ஒதுங்கி நிற்கும்போது இவர் எட்டிப் பார்த்து, “லைன் கிளியர் வரல, சொல்லிட்டு வர்றேன்” என்று இறங்கிப் போவார். கொஞ்ச நேரத்தில் ரயில் கிளம்பத்தான் செய்யும். திரும்பி வந்து உட்காருகிறவர் முகத்தில் அப்படி ஒரு களைப்பு, பாவம், தானே தள்ளிவிட்ட மாதிரி.

அவர் தொழிலே அதுதான். தானாக நடக்கப் போகிற காரியத்துக்கு ஒரு நாள் முன்னால் போய் நின்றுகொள்வது.

தானே புயல்தான் அவருக்குப் பொற்காலம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். நம்மவர் கம்பம் நடவில்லை. நடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று செல்போனில், “லைன்ல சொல்லிட்டேன், லைன் வந்துடும்” என்றார். ஒவ்வொரு தெருவுக்கும் கரண்ட் வந்த அன்று அந்தத் தெருவில் அவருக்கு டீயும் வடையும். முதல் லைனுக்கும் இரண்டாவது லைனுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த இருட்டில் யார் கேட்பார்கள்?

தண்ணீர் விஷயத்திலும் இதே சாமர்த்தியம். வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. நாளைக்குப் பதினெட்டு கோடி லிட்டர் என்பது திட்டக் கணக்கு. வடக்குத்து பக்கம் ஒருவர், வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வேண்டும் என்று இவரிடம் மனு எழுதக் கொடுத்தார். இவர் தைரியம் சொன்னார்: “லைன் உங்க ஊர் வழியாத்தாங்க போவுது!” பொய் என்று சொல்ல முடியாது. போகத்தான் போகிறது. நிற்பதில்லை.

அகராதி புரட்டுகிறவர்கள் சொல்வார்கள்: ஆளிச் செடியின் நாருக்கு லத்தீனில் லினும், அந்த நாரில் திரித்த நூலிலிருந்து வந்ததுதான் லைன் என்ற வார்த்தை. லினன் துணிக்கும் அதே பூர்வீகம். ஆக, அவர் போட்டிருக்கிற சட்டையும் சொல்கிற வார்த்தையும் பங்காளிகள். இதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “நமக்கு லத்தீன்லயும் ஆள் இருக்கா?” என்றார்.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு மறைகிற புரோக்கர்கள் வேறு ரகம். இவர் பஸ் டிக்கெட், இரண்டு டீ, ஜெராக்ஸ் செலவு, அதற்கு மேல் ஏதாவது கையில் வைத்து அழுத்தினால் அது. மஞ்சக்குப்பத்தில் எந்த ஆபீஸ் எந்த மாடியில், எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்ப், எந்த கிளார்க் வெள்ளிக்கிழமை லீவ் போடுவார் என்பது அத்துப்படி. கவுன்டரில் போய் நிற்கவே கை நடுங்குகிற மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றால் அதுவே பாதி காரியம்.

ஆனால் ஆருத்ரா தரிசனத்தன்று செய்ததை மறக்க முடியாது. மார்கழிக் குளிரில் சிதம்பரமே நெரிகிறது. பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பாட்டி, கைக்குழந்தை சகிதம் கீழ வீதியில் திகைத்து நிற்கிறது. “எனக்கு ஒரு லைன் இருக்கு, பின்னாலயே வாங்க” என்றார் நம்மவர். தேங்காய்க் கடை, பூக்கடை, செருப்புக் குவியல் எல்லாம் சுற்றி, ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளியே வந்து, கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்தினார். எதிரே ஆயிரம் முதுகுகள்.

“இதான் லைன். நீங்கதான் கடைசி. வேற யாரும் நடுவுல பூராம பாத்துக்குங்க.”

பாட்டி மட்டும், “தம்பிக்கு ஏதாவது கொடுடா” என்றாள்.

பட்டா, வில்லங்கம், வருமானச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குப் போனபோது, இனி இவர் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவர் அசரவில்லை. “ஆன்லைன்னா இன்னா சார்? அதுலயும் கடைசியில லைன்தானே இருக்குது?” என்றார். இப்போது இ-சேவை மைய வாசலில்தான் இருப்பு. வேலை நடக்கிற நாளில் அவருக்கு மதிப்பில்லை. சர்வர் படுத்துவிட்டால் கூட்டம் முழுக்க அவரைச் சுற்றித்தான்.

அப்படி ஒரு நாள், முட்லூர்ப் பெரியவர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “சர்வர் வேலை செய்யலைன்னு உள்ள சொல்றாங்க தம்பி. நீங்க கொஞ்சம் பாத்து…”

லைன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

“சர்வரா? நமக்கு ரொம்ப வேண்டிய பையன்தாங்க. இப்ப சாப்பாட்டு நேரம், ஓட்டல்ல கூட்டமா இருக்கும். மூணு மணிக்கு மேல நானே போய்ப் பேசறேன்.”